தெர்மோகோல் அட்டை

“ஜன்னலுக்குக் கீழ இருக்கிற ரேடியேட்டரைக் கழட்டி, கதவுப் பக்கத்துச் சுவர்ல மாட்டுப்பா” என்றார் தெங் பாவ்ஷான்.

மேஸ்திரி ஹாவ் உடைத்துப் போட்ட குளியலறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். “அண்ணே, குளிக்கிற இடம் இந்த மூலை. ரேடியேட்டர் அந்த மூலையா? ஜனவரியில வெடவெடத்துப் போயிடுவீங்க.”

“அதைத்தான் நானும் காலையிலேர்ந்து கத்துறேன்” என்றாள் மகள் ரூவெய்.

போன குளிர்காலத்தில் அப்பா கால் மரத்து விழுந்தது இங்கேதான். அதற்காகத்தான் அவள் பெய்ஜிங்கில் பத்து நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஹார்பினுக்கு ஓடி வந்து இத்தனையையும் உடைக்க வைத்தாள். நாளைக் காலை கட்டிடம் முழுக்க, வீடுகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் போகும் சூட்டுக் குழாய்களில் தண்ணீர் நிரப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் வசந்தம் வரை ஒரு திருகைக்கூடத் தொட முடியாது. இன்று எங்கே மாட்டுகிறார்களோ, அங்கேதான்.

“ஜன்னல் வழியா சூடு வெளிய போகுது. வீணு” என்றார் பாவ்ஷான்.

“சரி, அப்ப குளிக்கிற இடத்துக்குப் பக்கத்துல மாட்டலாம்ல?”

“கதவுப் பக்கம்னா கதவுப் பக்கம்.”

“கொதிகலன் ஆலையில முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷன் பேசுற பேச்சா இது?”

“காலேஜ் படிச்சவ, அப்பனுக்குக் குளிக்கக் கத்துக்குடுக்க வந்துட்டா.”

“இந்தக் குடும்பத்துல யாராவது ஒருத்தர் யோசிக்கணும்ல!”

ஹாவ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவுப் பக்கத்துச் சுவரைத் தட்டினான். சத்தம் பொத்தென்று அமுங்கியது. “இதென்ன, தெர்மோகோல் அட்டையா?”

ரூவெய் முந்திக்கொண்டாள். “அடுத்த வீட்டு நியே மாமா, சூட்டுக்குக் கட்டுற காசு மிச்சம்னு தன் வீட்டுக் குழாயை அடைச்சே வெச்சிருக்கார். நம்ம வீட்லேர்ந்து இந்தப் பொதுச் சுவர் வழியா வர்ற சூடே போதுமாம். ‘சூடு திருடுற பய’ன்னு மாடிப்படியில நின்னு கத்திட்டு, அப்பாதான் போன வருஷம் இதை ஒட்டினார்.”

“அப்ப இருக்கட்டும். பின்னால அட்டை இருந்தா சூடு இந்தப் பக்கமே நிக்கும்.”

“பிய்ச்சு எடு” என்றார் பாவ்ஷான்.

ஹாவ் தயங்கினான். பாவ்ஷான் அவன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, வலிக்கும் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அட்டையைத் தானே சுரண்டத் தொடங்கினார். தூள் தூளாக உதிர்ந்தது. கடைசித் துண்டு வரை விடவில்லை.

“என்னமோ பண்ணுங்க. நாளைக்கு விழுந்தா எனக்கு போன் பண்ணாதீங்க!” என்றாள் ரூவெய்.

ஹாவ் துளை போட ஆரம்பித்தான். வீடே அதிர்ந்தது. நான்காவது துளையின்போது ரூவெய்க்குச் சட்டென்று உறைத்தது.

“இங்க ஒரு ஆணி அடிச்சாலே நியே அத்தை அந்தப் பக்கத்திலேர்ந்து துடைப்பக்கட்டையால சுவரை இடிச்சுத் திட்டுவாங்களே! இன்னிக்கு மூச்சே காணோம்?”

பாவ்ஷான் வெறும் சுவரை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, கேக்குறேன்ல? அத்தை எங்க?”

“இதுக்குப் பின்னாடிதான் அவங்க கட்டில்” என்றார், திரும்பாமலே. “நான் அட்டை ஒட்டினது நவம்பர்ல. ஜனவரியில நெஞ்சுச் சளி கட்டி அவ போயிட்டா. இப்ப அந்தக் கட்டில்ல நியே தனியாப் படுக்கிறான்.”