இடது கை ராசி

ஒன்பதாவது சுற்றில் ஜெனல் வாயைத் திறந்தாள்.

"பாத்தீங்களா எல்லாரும்? எம் புள்ள பந்துல இன்னிக்கு இன்னும் ஒருத்தன்கூட அடிச்சு ஓடல!"

பெற்றோர் வரிசையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த தாடைகளெல்லாம் அப்படியே நின்றுபோயின. பக்கத்தில் இருந்த சிநேகிதி டோன்யாவுக்கு விதை தொண்டையில் சிக்கிக்கொண்டது.

பேஸ்பால் பார்க்கிற வீட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், அதைச் சொல்லக் கூடாதென்று. ஒருவன் எதிரணிக்கு ஓர் அடிகூடக் கொடுக்காமல் பந்து போட்டுக்கொண்டு போனால், ஆட்டம் முடிகிற வரைக்கும் யாரும் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. கூட ஆடுகிற பையன்களே அவன் பக்கத்தில் போய் உட்கார மாட்டார்கள். வாய்விட்டுச் சொன்னால் அடுத்த பந்திலேயே கண்பட்டுவிடும்.

அதிலும் சொன்னது யார்? ஜெனல்!

நாலு வருஷமாக அந்த வரிசைக்குச் சட்டம் போடுகிறவளே அவள்தான். ஜெயிக்கும்போது இடம் மாறக் கூடாது. ஜெயித்த சட்டையைத் துவைக்கக் கூடாது. மூத்திரம் முட்டினாலும் சுற்று முடியாமல் எழுந்திருக்கக் கூடாது. ஏழாவது சுற்றில் இன்னொரு பையனின் அப்பா டுவைட், "உம் பையன் இன்னிக்கு..." என்று ஆரம்பித்ததும், அந்த மனுஷன் கையிலிருந்த ஹாட் டாக் ரொட்டியை அவர் வாயிலேயே திணித்துவிட்டாள்.

இந்தப் போட்டிக்கென்று ராசிக் கணக்கில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. வியாழக்கிழமை முதல் ஆட்டத்தில் ஜெனலின் மகன் கோல்பி பந்து போட்டு ஜெயித்துக் கொடுத்தான். மறுநாள் காலை மோட்டல் சாப்பாட்டு அறையில் கரண்டியை இடது கையில் பிடித்துச் சாப்பிட்டான். அன்றும் ஜெயம். போதாதா? சனிக்கிழமை மொத்த அணியும் இடது கையால் தின்றது. டோன்யாவின் மகன் ட்ரென்ட் சட்டை முழுக்கக் குழம்பைக் கொட்டிக்கொண்டான். ஜெயித்த சட்டை, அதனால் துவைக்கவும் இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். ஜெனல் மட்டும் சர்க்கரை போடாத காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

இன்றைக்கு ஞாயிறு. சாம்பியன் யாரென்று தீர்கிற ஆட்டம், பருவத்துக்கே கடைசி. கான்சாஸ் காற்றில் கொடிகள் கிழிந்துவிடும்போல அடித்துக்கொண்டிருந்தன. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நம் பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். எதிரணிக்குக் கடைசி வாய்ப்பு. இன்னும் இரண்டே பேரை வெளியேற்றினால் கோப்பை.

இந்த நேரத்தில்தான் மகராசி வாயைத் திறந்தது.

"ஏம்மா, மண்டை கிண்டை கழண்டுபோச்சா உனக்கு?" என்றார் டுவைட்.

ஜெனல் திரும்பவே இல்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, பயிற்சியாளர் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாவம், அவர்தான் என்ன செய்வார்? கோல்பி நூற்றிருபது பந்து போட்டாயிற்று. வேறு நாளாக இருந்தால் நூறிலேயே ஆளை மாற்றியிருப்பார். இப்படி ஓர் ஆட்டம் போடுகிறவனை நடுவில் உட்கார வைத்துவிட்டு ஊரில் தலைகாட்ட முடியுமா? ஓர் அடி விழுகிற வரைக்கும் அவனை அங்கிருந்து அசைக்க முடியாது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம் அது.

கோல்பி அடுத்த பந்தைப் போட்டான்.

ணங்.

பந்து இடது பக்கப் புல்லில் விழுந்து உருண்டது. அடித்தவன் ஓடி முதல் தளத்தில் நின்றான்.

வரிசை மொத்தமும் ஜெனலை எரித்துவிடுவதுபோல் பார்த்தது. டோன்யாவும் பார்த்தாள். தலைச்சுமையை இறக்கி வைத்தவள்போல ஜெனல் கண்ணை மூடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

பயிற்சியாளர் நடந்து போய்க் கோல்பியின் முதுகில் தட்டிக்கொடுத்துப் பந்தை வாங்கிக்கொண்டார். மாற்றாக வந்தவனின் மூன்றாவது பந்து வேலி தாண்டிப் போனது. முதல் தளத்தில் நின்றவனும் அடித்தவனும் சுற்றி வர, இரண்டுக்கு ஒன்று என்று எதிரணி ஜெயித்தது.

பருவம் முடிந்தது.

வண்டிகள் நிற்கிற இடத்தில் ஜெனலின் பேச்சுதான். அவளிடம் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று டோன்யா கிளம்பினாள். கேட்டு வந்து சொல்லவும் ஆள் வேண்டுமே. ஊரிலேயே பெரிய ஓட்டைவாய் டோன்யாவுக்குத்தான்.

ஜெனலின் பழைய பிக்கப் வண்டியின் கதவு திறந்திருந்தது. கோல்பி உள்ளே உட்கார்ந்திருந்தான். அம்மாக்காரி குனிந்து கட்டிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் டோன்யா நினைத்தாள்.

க்ளிக் என்று சத்தம் கேட்டது.

ஜெனல் மகனுக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவனுடைய வலது கையை மணிக்கட்டில் பிடித்து, பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி, அவன் மடியில் வைத்தாள். முழங்கை இருக்க வேண்டிய அளவுக்கு இரண்டு மடங்கு வீங்கியிருந்தது.

கோல்பி பல்லைக் கடித்துக்கொண்டு எங்கோ பார்த்தான்.

ஜெனல் திரும்பினாள். அவள் கண் டோன்யாவைத் தாண்டி மைதான வாசலுக்குப் போனது. பெரிய அணிகளுக்கு ஆள் பொறுக்க வந்திருந்த இரண்டு பேர், வேகம் அளக்கிற கருவியும் கையுமாக, கோல்பியின் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டு நின்றார்கள்.

"பெல்ட்டு கொஞ்சம் இறுக்கம்" என்றாள் ஜெனல்.

டோன்யாவும் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ஆமா. பழைய வண்டில்ல."

திரும்பி வந்தவளை டுவைட் மடக்கினார். "என்னதான் சொல்றா உன் சிநேகிதி?"

"வாய் தவறிடுச்சாம்."

அவளுடைய வண்டியில் ட்ரென்ட், குழம்புக் கறைச் சட்டையோடு, இடது கையால் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

"போதும்டா" என்றாள் டோன்யா. "வலது கையால தின்னு."