பெடல் சுற்றிய கை

மன்னார் நகர மண்டபத்தில் ஒலிக்கருவிக் கண்காட்சி. கொழும்பிலிருந்து வந்த ஸ்பீக்கர்கள் ஆளுயரத்துக்குக் கறுத்து மினுங்கி நிற்கின்றன. உயிலங்குளத்தில் மீளக்குடியேறி, கூரைத் தகரம் வாங்கும் முன்னமே பாட்டுப்பெட்டி வாங்கிய பைத்தியக்காரன் நான். நடுக் கதிரையை யாருக்கும் விடவில்லை. பக்கத்தில் என் மனைவி யோகராணி. சண்டைக் காலத்தில் மின்சாரம் இல்லாதபோது, கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் எனக்காக ரேடியோவைப் பாடவைத்தவள். அவள் கை தளர்ந்தால் பாட்டும் தளரும். இப்போது ஸ்பீக்கர்களிலிருந்து நாதஸ்வரம் மண்டபத்தை நிறைக்கிறது. வாசிப்பவர் மூச்செடுப்பதுகூடக் கேட்கிறது. திடீரென இசை மெலிந்து, நூலாகி, அறுந்துவிடும் போலாகிறது. யோகராணியின் வலக்கை மடியிலிருந்து எழும்பிக் காற்றில் சுற்றத் தொடங்குகிறது. வளையல்கள் குலுங்குகின்றன. "அம்மா நல்லாத் தாளம் போடுறா," என்று விற்பனையாளர் சிரிக்கிறார். அவருக்கு என்ன தெரியும்! அவள் நிறுத்தவில்லை. நாதஸ்வரம் மெல்ல மேலேறி, யன்னல் கண்ணாடிகள் அதிர நிமிர்கிறது. அதன் பிறகுதான் கையை மடியில் இறக்கி, தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கிறாள்.

"ஒருநாளாவது பாட்டை நிக்க விட்டனானோ?"