மாடி அறை உறுமல்

"தம்பி, இந்தச் சத்தம் தினமும் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்? எத்தனை மணிக்கு நிக்கும்?"

மாடிப்படியின் பாதியில் வழியை மறித்தபடி நின்றாள் கீழ்வீட்டு அக்கா. கையில் ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும்.

"ராத்திரி எட்டு மணிக்குக்கா. ஒன்பதரைக்கெல்லாம் நிறுத்திடுவேன்" என்றான் அவன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னைக்குத் தொடறதே இல்லைக்கா. சத்தியமா!"

அக்காவின் முகம் சுருங்கியது. "நானும் கவனிச்சேன்" என்று சொல்லி, சீட்டில் எதையோ குறித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவன் மாடியேறித் தன் அறைக்குள் போனான். வீட்டு ஓனர் போன வாரம்தான் கறாராகச் சொல்லியிருந்தார்: "எதிர் வீட்டுல ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. மூணாவதா ஒரு புகார் வந்துச்சு, அன்னைக்கே ரூமைக் காலி பண்ணிடு." மாலை வகுப்புக்கு நடந்து போகிற தூரத்தில், அவன் சம்பளத்துக்கு, இதைவிட்டால் வேறு அறை கிடையாது. இந்த அறை போனால் படிப்பும் போகும்.

இத்தனைக்கும் காரணம் மேஜைமேல் இருந்தது. திறந்த அலுமினியப் பெட்டி, கனத்த டிரான்ஸ்ஃபார்மர், பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய நான்கு கண்ணாடி வால்வுகள். மாலை வகுப்பில் கற்றதையெல்லாம் கொட்டி, நான்கு மாதமாக அவன் தன் கையாலேயே கட்டிய கிட்டார் ஆம்ப்ளிஃபயர்.

கிட்டாரோடு வந்த நண்பன் சுருட்டை, அவனைப் பார்த்ததுமே கேட்டான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"கீழ்வீட்டு அக்கா மணி, கிழமையெல்லாம் எழுதிக்கிட்டுப் போறாங்கடா. ஓனர்கிட்ட கொடுக்கத்தான்."

"கடையில ஒண்ணு வாங்கித் தொலைச்சிருக்கலாம். வால்வுதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னே."

"வால்வு சூடேறினா ஒரு சத்தம் வரும்டா. அது வேற எதுலயும் வராது."

"வருதே! நான் கிட்டாரைச் சொருகறதுக்கு முன்னாடியே வருதே!"

அதுதான் உண்மை. சுவிட்சைப் போட்டான். வால்வுகள் செம்மஞ்சளாகக் கனன்றன. அரை நிமிடம் போயிற்று. பிறகு, தெருமுனையில் லாரி ஒன்று கிளம்பாமல் நிற்பதுபோல் 'ம்ம்ம்ம்' என்று உறுமத் தொடங்கியது. மேஜை அதிர்ந்தது. மேஜை வழியாகத் தரையும் அதிர்ந்தது.

ஒரு மாதமாக அவனும் விடவில்லை. கன்டென்சர்களை மாற்றினான். கம்பிகளை முறுக்கிப் பார்த்தான். போட்ட இணைப்பை மூன்று முறை சரிபார்த்து, நான்காவது முறை பிய்த்துப் போட்டான். எது கெட்டாலும் அவனுக்கு முதல் சந்தேகம் தன் மேல்தான்.

"அக்காவோட வீட்டுக்காரர் வேற" என்றான். "முந்தியெல்லாம் கண்ணு ரெண்டும் சிவந்துபோய், பார்க்கிறவங்க மேல எல்லாம் எரிஞ்சு விழுவாரு. நேத்து வாசல் கேட் பக்கத்துல என்னைப் பார்த்து சிரிச்சாருடா."

"சிரிச்சாரா?" சுருட்டை கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தான். "அப்ப முடிஞ்சுது. இப்பவே துணிமணியை மூட்டை கட்டு."

மறுநாள் வேலைக்கும் வகுப்புக்கும் மட்டம் போட்டான். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு கம்பியாக விரலால் தொடர்ந்தான். ஐந்தரை மணிக்குப் பிடிபட்டது. எர்த் கம்பிகளைப் பெட்டியில் நான்கு இடங்களில் இணைத்திருந்தான்; உறுமல் அங்கிருந்துதான் வந்தது. நான்கையும் பிரித்து, ஒரே போல்ட்டில் கொண்டுவந்து முடுக்கினான். இதுவும் தப்பாக இருக்குமோ என்று இன்னொரு முறை சரிபார்த்தான்.

எட்டு மணிக்கு சுருட்டையின் முன்னிலையில் சுவிட்சைப் போட்டான்.

அரை நிமிடம். ஒரு நிமிடம். ஒன்றுமில்லை.

"போச்சு. எரிச்சுட்டேன்" என்று தலையில் கை வைத்தான்.

சுருட்டை ஒரே ஒரு தந்தியை மெல்லச் சுண்டினான். வெதுவெதுப்பான ஒரு நாதம் எழுந்து, அறை முழுக்கப் பரவி, மெதுவாகக் கரைந்தது. அதன் பிறகு மறுபடி அமைதி. பக்கத்து அறைக் கடிகாரத்தின் டிக் டிக் கூடக் கேட்டது.

"அடப்பாவி, சாதிச்சுட்டேடா!" சுருட்டை அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

நான்கு மாதத்தில் முதல் முறையாக அவன் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தான். இனி அக்கா எதை எழுதுவாள்? ஓனர் எதைச் சொல்லிக் காலி பண்ணச் சொல்வார்?

எட்டரைக்குக் கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

திறந்தால் கீழ்வீட்டு அக்கா. அவளுக்குப் பின்னால், இரண்டு படி கீழே, தலையணையைக் கக்கத்தில் இடுக்கியபடி அவள் வீட்டுக்காரர். பழையபடி கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா... இன்னைக்கு நான் சத்தமே போடலையேக்கா..."

"அதைக் கேக்கத்தாம்பா ஓடி வந்தேன்" என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "ஃபேக்டரியில முப்பது வருஷம் மிஷின் பக்கத்துல நின்னவரு. காதுக்குள்ள எந்நேரமும் விசில் ஊதுது, கண்ணை மூட விடாது. நீ மேல அந்த உறுமலைப் போட ஆரம்பிச்ச இந்த ஒரு மாசமாத்தான் விசில் அமுங்கி, மனுஷன் படுத்ததும் தூங்கறாரு. என்ன ஆச்சு தம்பி, மிஷின் கெட்டுப்போச்சா? எப்பப்பா சரியாகும்?"