இன்னும் ஒரே ஒரு இழுப்பு

சுண்ணாம்பும் மணலும் வெல்லத் தண்ணீரும் சேர்த்து வீட்டிலேயே குழைத்த சாந்து ஒன்று சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டது. இனிக் காய்ந்தால் போதும், அதுவும் சுவராகிவிடும்.

பூச்சுக் கரண்டி விடுவதாயில்லை. "இங்கே லேசா மேடு தெரியுது. இன்னும் ஒரே ஒரு இழுப்பு."

சாந்துக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணே, இதோட நாற்பது இழுப்பு ஆச்சு. என்னைக் கொஞ்சம் காய விடுங்களேன்!"

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்டா," என்று கரண்டி மறுபடியும் தண்ணீர் தெளித்துத் தேய்த்தது. சாந்து பாளமாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது.

"அப்பவே நினைச்சேன், உனக்கு ஒட்டத் தெரியாதுன்னு," என்றபடி கரண்டி அடுத்த சுவருக்குப் போய்விட்டது.

தரையில் கிடந்ததை யாரும் தொடவில்லை. சில நாளில் அது கல்லாக இறுகியது. பிறகு யாராலும் அதைப் பெயர்க்க முடியவில்லை.