அசல் ஊர்க்காரன்

“அண்ணை, முதல்ல அந்தத் தண்ணிப் போத்தலைக் கீழ வையுங்கோ. எங்கட சனம் ஆர் போத்தலும் கையுமா ஆசுப்பத்திரிக்குப் போறது?”

தங்கை சுலோஜனா அதட்டியதும் சசிகரன் போத்தலை மேசையில் வைத்தார். கைக்கடிகாரமும் கறுப்புக் கண்ணாடியும் ஏற்கெனவே பறிமுதலாகிவிட்டன. இடுப்பில் தங்கையின் கணவருடைய பழைய சாரம். காலில் அவருடைய தேய்ந்த செருப்பு. பாதி வழியில் வார் அறுந்தாலும் அறுந்துவிடும்.

சுவிஸில் முப்பது வருடம் இருந்து, அந்த நாட்டுக் கடவுச்சீட்டும் எடுத்துவிட்ட மனிதர் அவர். சொந்த ஊரான புளியங்கூடலுக்கு வந்த இடத்தில், அம்மன் திருவிழாவையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று விமான ரிக்கற்றைத் தள்ளிப் போட்டார். ரிக்கற்றைத் தள்ளிப் போடலாம், பிறசர் குளிசையைத் தள்ளிப் போட முடியுமா? கொண்டுவந்த குளிசை தீர்ந்துபோனது. காலையில் எழும்பினால் வீடு சுற்றுகிறது. அவருக்கு உள்ளூரப் பயம் பிடித்துவிட்டது.

தனியார் ஆசுப்பத்திரிக்குப் போகக் கையில் காசில்லை. யாழ்ப்பாணத்தில் காசு எடுக்கும் இயந்திரத்துக்குள் அட்டையைப் போட்ட உடனேயே, யாரோ கள்ளன் என்று நினைத்து அவருடைய வங்கி அதை முடக்கிவிட்டது.

“திரும்பத் திறக்க ஒரு இரகசிய நம்பர் அனுப்பியிருக்கிறாங்களாம்,” என்றார் பரிதாபமாக. “அது வாற சுவிஸ் சிம், பேர்ண் வீட்டு அலுமாரிக்குள்ள கிடக்கு.”

“நான் காசு தாறன் எண்டாலும் ரோசத்தில வாங்க மாட்டியள். பின்னை அரசாங்க ஆசுப்பத்திரிதான். ஆனா வெளிநாட்டுக்காரர் எண்டு கண்டினமெண்டா, காசு கட்டிப் பாருங்கோ எண்டு திருப்பி விட்டிடுவினமாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னவ.”

“உண்மையாவோ?”

“ஆருக்குத் தெரியும்? நீங்கள் நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. ஆர் எதைத் தந்தாலும் ‘தாங்க் யூ’ சொல்லிப்போடாதேங்கோ. தலையை ஆட்டினாக் காணும். ஆரும் இடிச்சா ‘சொறி’யும் சொல்லக்கூடாது.”

“அப்ப என்ன சொல்லுறது?”

“ஒண்டும் சொல்ல வேண்டாம். நீங்களும் இடியுங்கோ.”

ஆசுப்பத்திரியில் வரிசை வாசல்வரை நின்றது. சசிகரன் முன்னால் நின்றவரின் முதுகில் மூக்கு முட்டுகிற மாதிரிப் போய் ஒட்டிக்கொண்டார். பின்னால் சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்த ஒருவர் நல்லதொரு இடி இடித்தார். தொண்டைவரை வந்த ‘சொறி’யை விழுங்கிவிட்டு, சசிகரனும் முழங்கையால் ஒன்று கொடுத்தார். அவர் கோபிக்கவில்லை. சிநேகமாகச் சிரித்தார்.

“கடல் தொழிலோ?” என்று சசிகரன் பேச்சுக் கொடுத்தார்.

“ஓமோம். அன்ரனிதாஸ் எண்டு கேட்டா இந்தக் கரையில எல்லாருக்கும் தெரியும். விடியத்தான் கரைக்கு வந்தனான். வாடைக்காத்து பேய்க்காத்தா அடிக்குது. நீங்கள்?”

“தோட்டம். மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி மாறிப்போட்டு ஓடி வாறன். ஓம், சரியான வாடைதான்.”

பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், முந்தானையால் விசிறிக்கொண்டு யாருக்கோ பெரிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். “நானெல்லாம் பிறந்ததில இருந்து யாழ்ப்பாணம் போற பண்ணைப் பாலம் தாண்டினதில்லைப் பிள்ளை. கொழும்பு கறுப்போ சிவப்போ எண்டும் தெரியாது.”

என்ன வெள்ளந்தியான சனம் என்று சசிகரன் வியந்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்ததை நினைக்க அவருக்கு வியர்த்தது. இந்த அசல் ஆட்களில் ஒருவர் மோப்பம் பிடித்தாலும் கதை கந்தல்தான்.

நல்லவேளை, டொக்டர் ஒன்றும் துருவவில்லை. “பிறசர் ஏறிக் கிடக்கு. குளிசையை விடாதேங்கோ ஐயா,” என்று எழுதிக் கொடுத்தார். மருந்து கொடுக்கும் யன்னலிலும் அதே வரிசை, அதே ஆட்கள். அன்ரனிதாஸ் அங்கேயும் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றார். பாலம் தாண்டாத அம்மா இடம் மாறி யன்னலடி வாங்குக்கு வந்துவிட்டார்.

மருந்து கொடுக்கும் பெண் சசிகரனை ஏற இறங்கப் பார்த்தாள். “முந்தி இந்தப் பக்கம் காணேல்லையே. எந்த ஊர்?”

“புளியங்கூடல். பிறந்தது, வளந்தது, இருக்கிறது எல்லாம் அங்கதான்,” என்றார். கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டோமோ என்று யோசித்தார்.

அவள் மேல்தட்டில் இருந்த பெட்டியை இழுத்தாள். தூசி பறந்தது. குளிசைகளை எண்ணி உறையில் போட்டாள். உறையை யன்னலால் நீட்டினாள். சசிகரனும் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது.

“ஹா...ச்சூ!”

ஊரில் ஒருவர் தும்மினால் சகுனம் சரியில்லை என்று முகத்தைச் சுளிப்பார்கள். சுவிஸிலோ, முன்பின் தெரியாதவர் தும்மினாலும் உடனே ‘சுகமாயிருங்கோ’ என்று வாழ்த்த வேண்டும். முப்பது வருடப் பழக்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சசிகரன் நீட்டிய கைகளை இழுத்து வாயை இறுக்கிப் பொத்தினார். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. தப்பினேன் பிழைத்தேன் என்று மூச்சு விட்டார்.

“அ வோ சுவே!” என்று முதுகுக்குப் பின்னால் அன்ரனிதாஸின் குரல் சுத்தமான பிரெஞ்சில் கேட்டது.

“பிளெஸ் யூ, டார்லிங்!” என்றார் பாலம் தாண்டாத அம்மா. வரிசையின் வாலில் இருந்து யாரோ நோர்வே மொழியிலும் ஒன்று சொன்னார்.

மருந்து கொடுக்கும் பெண் லேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாயைப் பொத்தியபடி நின்ற சசிகரனின் சட்டைப் பைக்குள் உறையைச் செருகினாள். பிறகு எட்டி முழு வரிசையையும் ஒருதரம் பார்த்தாள்.

“பிறசருக்கு என்ன நாடும் ஊரும், கொண்டுபோய்ப் போடுங்கோ. எண்டாலும் ஒண்டு கேக்கிறன், இண்டைக்கு ஊர்ச்சனம் ஒருத்தரும் வரேல்லையோ?”