பக்கத்தில் இருப்பது

இசக்கிராஜாவுக்கு இருபத்தாறு வயது. துபாயில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் ராட்டின உச்சியில், தொட்டிலில் மெர்லினோடு உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு, பூங்கா விடுதியில் தங்க வந்திருந்தார்கள். ஊரில் அக்கா அவனுக்குப் பெண் பார்த்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்; அவன் அனுப்புவதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதும் அவள்தான். அக்காவுக்கான செய்தியை அவன் பேசப் பேசக் கைபேசி எழுதியது.

“எக்கா, ரூம்ல தனியாத்தான் இருக்கேன். பொண்ணு இப்ப வேண்டாம்.”

“தனியாவா? அப்ப பக்கத்துல உக்காந்திருக்கது என்ன, பொம்மையா?” என்றாள் மெர்லின்.

கைபேசி அதையும் எழுதிவிட்டது. அழிக்கப் போன விரலை அவள் தடுக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி கீழே பார்த்தாள். அவன் எதையும் அழிக்காமல் விரலை எடுத்துக்கொண்டான். கைபேசியை மறுபடி வாயருகே கொண்டுபோனான்.

“எக்கா, கடைசியா எழுதியிருக்கது மெர்லின் பேசுனது. அம்மாவுக்கு அதையும் விடாம வாசிச்சுக் காட்டு.”