அறுபத்தைந்து இன்ச்

"பந்து வெளையாட்டு வேணாம் தம்பி. முன்னாடி ஓடுச்சே, அதையே போடுங்க."

குகனுக்கு அலுத்துவிட்டது. இது நான்காவது சனிக்கிழமை. நிபோங் திபாலிலிருந்து பழைய மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டி, லிட்டில் இந்தியாவை ஒட்டியிருக்கும் இந்த மின்சாமான் கடைக்கு வாராவாரம் வருகிறார்கள் இந்தக் கணவனும் மனைவியும். முதல் வாரம் ரைஸ் குக்கர் வாங்கத்தான் வந்தார்கள். டிவி வரிசைக்கு முன்னால் நின்றவர்கள் குக்கரை மறந்தே போனார்கள். அன்றிலிருந்து டிவி, டிவி என்று விசாரிப்பதோடு சரி, வாங்குகிற வழியைக் காணோம்.

இன்றோ மாதக் கடைசி. பத்துப் பெரிய டிவி விற்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். குகன் விற்றிருப்பது ஒன்பது. வீட்டில் மனைவி குமுதாவுக்கு ஏழாம் மாதம். வெளியே மழை வேறு பிடித்துக்கொண்டதால் கடையில் ஈ காக்கை இல்லை. இவர்களை விட்டால் அவனுக்குக் கதியில்லை.

தைப்பூச வீடியோவைத் திரும்பவும் போட்டான். போன வருஷம் கடை கேமராவை வைத்துத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் அவனே எடுத்தது. சுவர் முழுக்க இருந்த டிவிகளில் காவடிகளும் மஞ்சள் சேலைகளும் நகர்ந்தன. அதைக் கேட்ட அந்த அம்மாள் குணவதி திரையை ஒட்டிப்போய் நின்றுகொண்டார்.

"கிட்ட நின்னா புள்ளிதான்க்கா தெரியும், தள்ளி வாங்க. அண்ணே, நீங்க சொல்லுங்க. எவ்ளோல பாக்குறீங்க?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி. அதுக்கு மேல நம்மால முடியாது தம்பி," என்றார் அவர் கணவர் திருநாவுக்கரசு. ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்ப்பவர். அந்தச் சீருடையோடுதான் வந்திருந்தார்.

"அப்போ ரெண்டுதான் இருக்கு. இது அம்பத்தஞ்சு இன்ச். கலர் அள்ளும், கண்ணுக்கு இதமா இருக்கும். அதே வெலைக்கு அது அறுபத்தஞ்சு. பெருசுதான், ஆனா கலர் கொஞ்சம் மட்டு. உங்க ஹால் எத்தன அடி?"

"பத்தடி இருக்கும்."

"பத்தடிக்கு அம்பத்தஞ்சே தாராளம் லா. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

குணவதி இரண்டு டிவிகளுக்கும் நடுவே போய் நின்று, இதையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கலர் கெடக்கட்டும். இதுல மொகமெல்லாம் சின்னதா இருக்கு. அதுலதான் நல்லாத் தெரியுது."

நல்ல கலரை விட்டுவிட்டு இன்ச்சைப் பிடித்துத் தொங்குகிறவர்களைக் குகன் நிறையவே பார்த்திருக்கிறான். எதையோ ஒன்றை எடுத்துத் தொலைத்தால் போதும் என்று அவனுக்கு இருந்தது.

"தம்பி," குணவதியின் குரல் தணிந்தது. "இந்த வீடியோ வீட்டுலயும் ஓடுமா?"

அது கடையின் பென்டிரைவில் மட்டும் இருப்பது. அதைச் சொன்னால் இந்தம்மாள் யோசிப்பார். யோசித்தால் அடுத்த வாரம் என்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"ஓடும்க்கா. டிவிக்குள்ளேயே இருக்கும். வேணும்ங்கிறப்ப போட்டுப் பாத்துக்கலாம்."

"நெசமாவா தம்பி?"

"உங்ககிட்டப் பொய் சொல்வேனா?"

குணவதி கணவரைப் பார்த்தார். அந்த முகத்தில் குகன் அன்றுதான் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தான்.

"எடுத்துருவோங்க. பெருசையே எடுத்துருவோம்."

பில் போட்ட பிறகுதான் குகனுக்கு உயிர் வந்தது. பத்தாவது டிவி!

செவ்வாய்க்கிழமை இருவரும் மறுபடியும் கடைக்குள் நுழைந்தார்கள். டிவி திரும்பி வந்தால் பத்து ஒன்பதாகிவிடும்.

"என்னண்ணே, டிவி ரிப்பேரா?"

"டிவி நல்லாத்தான் இருக்கு. அந்த வீடியோதான் தம்பி வரல. நேத்து பூரா ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பாத்துட்டோம்."

குணவதி சுவரிலிருந்த டிவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். எல்லாவற்றிலும் நோன்புப் பெருநாள் விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன.

இவ்வளவுதானா! குகன் சிரித்தேவிட்டான்.

"அட, அதுவா அண்ணே? அது கடை பென்டிரைவ்ல இருந்துச்சு. மாசம் பொறந்துடுச்சுல்ல, பெருநாள் வீடியோ போடச் சொன்னாங்க. ஞாயித்துக்கெழமையே அத அழிச்சிட்டு இத ஏத்திட்டேன்."

"வேற காப்பி இருக்குமா?"

"இல்லண்ணே, அது ஒண்ணுதான். இதுக்குப் போய் இவ்ளோ தூரம் வருவாங்களா? யூடியூப்ல தட்டுங்க, தைப்பூசம் ஆயிரம் வரும். நான் எடுத்தத விட நல்லாவே இருக்கும் லா."

குணவதி அங்கே கிடந்த ஓர் அட்டைப்பெட்டியின் மேல் மெல்ல உட்கார்ந்தார். திருநாவுக்கரசு கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் குகனுக்குத் தேவலை.

"ஆயிரம் வரும் தம்பி," என்றார் அவர். "ஆனா நீங்க எடுத்ததுலதான் எங்க பொண்ணு சுபாஷினி பால்குடம் தூக்கிக்கிட்டு நடந்து வந்து, ஒரு தடவ திரும்பிச் சிரிச்சிட்டுப் போவா. அதுக்கு மூணாம் நாள் ரோட்டுல அடிபட்டுப் போய்ட்டா. அவ போனும் அவளோடயே நொறுங்கிப்போச்சு. போட்டோ வீட்டுல நெறைய இருக்கு தம்பி, அவ நடக்கிறது அந்த ஒண்ணுலதான் இருந்துச்சு."